வடித்த பின்னும் ஊறும் குருதி

‘இறைக்கிற கிணறுதான் ஊறும்’ என்பார்கள். கிணற்றுக்கு அது நல்ல குணம். ஆனால் மனிதனின் மண்டையோட்டுக்குள்ளும் அப்படி ஊறுகிற ஒன்று உண்டு. அறுவை மருத்துவர் அதனை இறைத்து வெளியேற்றுகிறார். நோயாளி எழுந்து நடக்கிறார். சில வாரங்கள் சென்றதும் சிலருக்கு அது மறுபடியும் ஊறிவிடுகிறது. ஏன் ஊறுகிறது, எப்படித் தடுப்பது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிய வரலாறு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலானது. இது மருத்துவ வரலாறுதான். ஆயினும் சவ்வூடு பரவல், கதிரியக்கம், எக்ஸ் கதிர், வெப்பநிலை என்று இயற்பியல் பாடநூலின் பல அத்தியாயங்கள் இதனுள் வந்துபோகின்றன.

நோய் எது?

மூளையை மூன்று உறைகள் போர்த்தியுள்ளன. வெளியே இருப்பது தோல்போல் தடித்த டியூரா. அதன் அடியில் அரக்னாய்டு எனும் மெல்லிய சிலந்திவலைப் படலம். மூளையோடு ஒட்டியிருப்பது பயா. மூளையிலிருந்து குருதியைத் திரும்பக் கொண்டுசெல்லும் சிறு சிரைகள் அரக்னாய்டைத் தாண்டி டியூராவை அடைகின்றன. இரு கரைகளுக்கு இடையே இட்ட பாலம் போன்றவை ஆதலால் இவற்றைப் ‘பாலச் சிரைகள்’ என்பர்.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோடு சுருங்குவதில்லை. ஆகவே பாலம் நீள்கிறது. சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. இந்நிலையில் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டாலும், குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் ஒரு சிரை கிழியக்கூடும். சிரைக் குருதியின் அழுத்தம் குறைவு. எனவே கசிவும் மெதுவாகவே இருக்கும். அடிபட்டவர் அதனை மறந்தே போவார். மூன்று வாரமோ இரண்டு மாதமோ கழித்துத் தலைவலி வரும், ஒரு கால் இழுக்கும், பேச்சு குழறும், பழகிய பெயர்கள் நினைவுக்கு வாரா. ‘வயதாகிவிட்டது, அதுதான்’ என்று வீட்டார் முடிவு செய்துவிடுவதும் உண்டு. உண்மையில் டியூராவின் அடியில் சேர்ந்த குருதி மூளையை அழுத்திக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் இதனைக் குரோனிக் சப்டியூரல் ஹெமட்டோமா என்பர். நாம் ‘நாட்பட்ட உறையடிக் குருதித் தேக்கம்’ என்று சொல்லலாம்.

சிகிச்சை எளிமையானது. மண்டையோட்டில் ஒன்றோ இரண்டோ துளைகள் இட்டு டியூராவைத் திறந்தால், பழைய என்ஜின் எண்ணெய் போன்ற கரிய திரவம் பீறிட்டு வருகிறது. முந்தைய நாள் கையைத் தூக்க முடியாதிருந்தவர், மறுநாள் தாமே காப்பித் தம்ளரைப் பிடிப்பதுண்டு. மூளை அறுவையில் இவ்வளவு விரைவில் பலன் தருபவை அதிகமில்லை. குறை ஒன்றுதான்: பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ திரவம் மறுபடி சேர்ந்து, மீண்டும் அறுவை தேவைப்பட்டு வந்தது. எண்பது வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டாம் அறுவை என்பது சிறிய செய்தி அன்று.

அழற்சியா, அடியா?

1857-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது, டியூராவின் உட்புறத்தில் ஒரு புதிய சவ்வு படர்ந்திருப்பதையும், அதில் நுண்ணிய குருதிக் குழாய்கள் நிறைந்திருப்பதையும் அவர் கண்டார். முதலில் அழற்சி, பிறகு சவ்வு, அந்தச் சவ்வின் குழாய்கள் உடைவதால் குருதி என்பது அவருடைய முடிவு. அடிபடுதலுக்கு அதில் முக்கிய இடம் இல்லை.

இக்கருத்தை 1914-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்ஃபிரட் டிராட்டர் மறுத்தார். நோயாளிகளைத் துருவிக் கேட்டால், வாரக்கணக்கில் முன்பு ஏற்பட்ட ஒரு சிறிய தலைக் காயம் வெளிப்படுகிறது. பாலச் சிரை கிழிந்ததே தொடக்கம். சவ்வு அதற்குப் பின் உடல் செய்யும் எதிர்வினை என்றார். 1925-இல் அமெரிக்காவில் டிரேசி பட்னமும், மூளை அறுவை மருத்துவத்தின் தந்தையருள் ஒருவரான ஹார்வி குஷிங்கும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, காயத்தையும் அறுவை முறையையும் முன்னிறுத்தியது. விர்ச்சோவின் அழற்சி பின்னுக்குப் போயிற்று.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. முழங்காலில் அடிபட்டுக் கன்றிப்போனால் இரண்டு வாரத்தில் மறைந்துவிடுகிறது. உடல் அக்குருதியை உறிஞ்சிக்கொள்கிறது. தலைக்குள் மட்டும் அது ஏன் மாதக்கணக்கில் பெருகவேண்டும்?

அழகான ஒரு விளக்கம்

1932-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் கார்ட்னர் இதற்கு ஒரு விடை தந்தார். உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் பருக்கிறது அல்லவா? திராட்சையின் தோல் நீரை உள்ளே விடுகிறது. உள்ளிருக்கும் சர்க்கரையை எளிதில் வெளியே விடுவதில்லை. செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்கிறது. இதுவே சவ்வூடு பரவல். தேங்கிய குருதியில் செல்கள் சிதைகின்றன. பெரிய மூலக்கூறுகள் உடைந்து பல சிறிய மூலக்கூறுகளாகின்றன. துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது. எனவே சுற்றியுள்ள மூளைத் தண்டுவடத் திரவத்திலிருந்து நீர் சவ்வு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது, பை பருக்கிறது. 1934-இல் ஜோலிஞ்சர், கிராஸ் ஆகிய இருவரும் இக்கருத்தை மேலும் வளர்த்தனர்.

விளக்கம் அழகாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் அது பாடநூல்களில் நிலைத்தது. பையே குற்றவாளி என்றால் பையையே உரித்து எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணமும் அறுவை மருத்துவரிடையே வலுவாக இருந்தது. அதற்காக மண்டையோட்டில் பெரிய பலகையாக எலும்பைத் திறந்தனர்.

முதல் சந்தேகம் அறுவை அறையிலிருந்து வந்தது. 1964-இல் ஸ்வீன், கெலெட்டி ஆகியோர் இரு முறைகளையும் ஒப்பிட்டனர். சவ்வை உரித்தவர்களைவிட, துளையிட்டுத் திரவத்தை மட்டும் வடித்தவர்களே நன்றாக இருந்தனர். விட்டுவைத்த சவ்வு தானே சுருங்கியது.

இரண்டாவது அடி அளவீட்டிலிருந்து வந்தது. கனடாவின் பிரைஸ் வெயர் 1971-இல் தேக்கத் திரவத்தின் சவ்வூடு செறிவை அளந்து, அதே நோயாளிகளின் குருதியோடும் மூளைத் தண்டுவடத் திரவத்தோடும் ஒப்பிட்டார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன! செறிவு வேறுபாடு இல்லையென்றால் நீர் எதற்காக உள்ளே போகவேண்டும்? சுமார் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு கொள்கை, அளந்து பார்த்ததும் சாய்ந்தது. அறிவியலில் அழகு வேறு, உண்மை வேறு என்பதற்கு வகுப்பில் சொல்லத்தக்க எடுத்துக்காட்டு இது.

குரோமியம் சொன்ன சாட்சி

அப்படியானால் பையை நிரப்புவது எது? ஜப்பானின் கனாசாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹருஹிதே இட்டோவும் குழுவினரும் 1976-இல் வேறொரு பக்கம் நோக்கினர். தேக்கத் திரவம் உறைவதில்லை. காரணம், குருதியை உறையச் செய்யும் பைப்ரின் இழைகள் அதனுள் கரைந்துபோயிருந்தன. அவற்றின் சிதைவுப் பொருள்கள் அதில் மிகுந்திருந்தன.

இதிலிருந்து ஒரு நச்சுச் சுழல் தெளிவாயிற்று. வெளிச் சவ்வில் புதிதாக முளைத்த குழாய்கள் மென்மையானவை, அவை கசிகின்றன. கசிந்த இடத்தை அடைக்கக் குருதி உறைகிறது. சவ்விலிருந்து வரும் பொருள்கள் அந்த உறைவைக் கரைத்துவிடுகின்றன. கரைந்த துணுக்குகள் மறுபடி உறைவதையும் தடுக்கின்றன. மீண்டும் கசிவு. புண்ணின் பொருக்கை ஒருவர் நாள்தோறும் பெயர்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கு நிகழ்கிறது.

கசிவு இன்றும் நடக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி வேண்டுமே? அதற்கு இதே குழுவினர் கதிரியக்கத்தின் துணையை நாடினர். குருதியின் சிவப்பணுக்களில் குரோமியம்-51 எனும் ஐசோடோப்பை ஏற்றி உடலில் செலுத்தினர். இதன் அரை ஆயுட்காலம் சுமார் 28 நாட்கள். இது வெளியிடும் காமா கதிர்களை எண்ணிவிடலாம். பின்னர் அறுவையின்போது வடித்த திரவத்தை அளந்தனர். அடையாளமிட்ட அணுக்கள் அதனுள் இருந்தன! பழைய காயத்தின் குருதி மட்டும் என்றால் அவை அங்கு வந்திருக்க முடியாது. 1987-இல் வெளியான இவ்வாய்வு, உள்ளே புதுக் குருதி தொடர்ந்து சேர்வதைக் காட்டியது.

ஒதுக்கப்பட்ட விர்ச்சோ இப்படிப் பாதி அளவில் திரும்பி வந்தார். தொடங்கி வைப்பது காயம். இதில் டிராட்டர் சொன்னதே சரி. வளர்ப்பதோ சவ்வின் மெல்லிய குழாய்களும் அழற்சியும். இதில் விர்ச்சோ முன்பே ஒன்றைக் கண்டிருந்தார்.

படம் பார்த்துப் பதறலாமா?

1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. கருவியில் படமெடுக்கப்பட்டது. பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டும் இயற்பியலார் கார்மாக்கும் இதற்காக 1979-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எக்ஸ் கதிரை எவ்வளவு உட்கவர்கிறது என்பதைக் கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். நீருக்குச் சுழி. உறைந்த புதுக் குருதி மூளையைவிட வெளுத்துத் தெரியும். நாட்பட்ட திரவம் கறுத்துத் தெரியும். இடையில் சில நாட்கள் இரண்டின் எண்ணும் ஒன்றாகி, தேக்கம் மூளையோடு கலந்து மறைவதும் உண்டு.

இப்போது அறுவைக்குப் பிறகும் உள்ளே பார்க்க முடிந்தது. பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். 1981-இல் சுவிட்சர்லாந்தின் மார்க்வால்டர், துளையிட்டு வடிகுழாய் வைத்த 32 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பத்தாம் நாளில் 78 சதவீதத்தினருக்கு இன்னும் திரவம் இருந்தது. நாற்பது நாட்களுக்குப் பின் அது 15 சதவீதமாகக் குறைந்தது. நோயாளிகளோ நாளுக்கு நாள் தேறி வந்தனர். வாரக்கணக்கில் அமுங்கிக் கிடந்த மூளை ஒரே நாளில் பழைய இடத்துக்கு எழும்பிவிடாது. இடைவெளியில் கொஞ்சம் திரவம் நிற்பது இயல்பு. நோயாளியின் நிலை மோசமானால் ஒழிய, படத்தைக் கண்டு மறு அறுவை செய்யத் தேவையில்லை என்பது அவர் முடிவு. படத்தில் எஞ்சியிருப்பது வேறு, நோய் திரும்புவது வேறு. இந்த வேறுபாடு தெளிந்த பிறகுதான் ‘தடுத்தல்’ என்பதற்கே ஒரு பொருள் கிடைத்தது.

ஒரு ரப்பர்க் குழாயின் மதிப்பு

வடிகுழாய் வைப்பது நல்லதா? உள்ளே குழாய் இருந்தால் கிருமி நுழையலாம், மூளை காயப்படலாம் என்று பல மருத்துவர்கள் தயங்கினர். சிலர் வைத்தனர், சிலர் வைக்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2004 முதல் 2007 வரை இதனைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் சோதித்தனர். 215 நோயாளிகளில் 108 பேருக்குக் குழாய் வைத்தனர். 107 பேருக்கு வைக்கவில்லை.

குழாய் இல்லாதவர்களில் 26 பேருக்கு, அதாவது 24 சதவீதத்தினருக்கு, நோய் திரும்பியது. குழாய் வைத்தவர்களில் 10 பேருக்கு மட்டுமே, 9.3 சதவீதம். ஆறு மாதத்தில் இறந்தோர் விகிதமும் 18.1 சதவீதத்திலிருந்து 8.6 சதவீதமாகக் குறைந்தது. நன்மை இவ்வளவு தெளிவாகிவிட்ட பின் மற்றவர்களுக்குக் குழாயை மறுப்பது முறையன்று என்று சோதனையை முன்கூட்டியே நிறுத்தினர். 2009-இல் முடிவு வெளியாயிற்று.

இதில் விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லை. மெல்லிய ஒரு குழாய். தலைக்குக் கீழ் மட்டத்தில் ஒரு பை. வேலை செய்வது புவியீர்ப்பு. இரண்டு நாட்கள் திரவமும், உறைவைக் கரைக்கும் பொருள்களும் வெளியேறிக்கொண்டிருக்க, மூளை மெல்ல எழும்பி இடத்தை நிரப்புகிறது. இறைப்பதைவிட, இறைத்த பின் காலியிடம் விடாமல் பார்ப்பதே முக்கியம் என்று இதனால் தெரிந்தது.

கழுவும் நீரின் வெப்பநிலை

அறுவையின்போது உட்குழியை உப்புக் கரைசலால் கழுவுவது வழக்கம். இது தேவையா? பின்லாந்தில் 589 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-இல் வெளியானது. கழுவாதவர்களில் 18.3 சதவீதத்தினருக்கும், கழுவியவர்களில் 12.6 சதவீதத்தினருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது. ஆகவே கழுவுவதைக் கைவிட ஆதாரம் கிடைக்கவில்லை.

இன்னும் வியப்பான கேள்வியை ஸ்வீடன் நாட்டினர் கேட்டனர்: கழுவும் நீர் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும்? 541 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அறை வெப்பநிலையான 22 டிகிரி செல்சியஸிலும், மற்றவர்களுக்கு உடல் வெப்பநிலையான 37 டிகிரியிலும் கரைசலைப் பயன்படுத்தினர். 2023-இல் வெளியான முடிவின்படி, அறை வெப்பநிலைப் பிரிவில் சுமார் 14 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. உடல் வெப்பநிலைப் பிரிவில் சுமார் 6 சதவீதத்தினருக்கே.

பதினைந்து டிகிரி இவ்வளவு செய்யுமா? மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். குருதியை உறையச் செய்யும் நொதிகள் 37 டிகிரியில் நன்கு இயங்குபவை, குளிர்ந்தால் சுணங்கும். மேலும் வாயுக்கள் குளிர்ந்த நீரில் அதிகம் கரையும். அந்நீர் உள்ளே சென்று சூடேறும்போது கரைந்திருந்த காற்று குமிழாக வெளிப்படும். சார்லஸ் விதிப்படி, 22 டிகிரியில் அகப்பட்ட காற்று 37 டிகிரிக்கு வரும்போது அதன் பருமன் ஐந்து சதவீதம் பெருகும். குழிக்குள் நிற்கும் காற்று மூளையை எழும்ப விடாது. ஒரு பாட்டில் உப்புக் கரைசலை வெதுவெதுப்பாக்க ஆகும் செலவோ மிகச் சிறிது.

வெற்றியா, தோல்வியா?

அழற்சிதான் வளர்க்கிறது என்றால் அழற்சியை அடக்கும் மருந்து கொடுக்கலாமே? ஸ்டீராய்டு மருந்துகளை இந்நோய்க்குப் பயன்படுத்துவது 1970-களிலிருந்தே பேசப்பட்டு வந்தது. இங்கிலாந்து உள்ளிட்ட பிரிட்டிஷ் மருத்துவமனைகள் 23-இல், டெக்சாமெதசோன் எனும் ஸ்டீராய்டு சோதிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு இரண்டு வாரம் மருந்து. மற்றவர்களுக்கு அதேபோல் தோன்றும் வெற்று மாத்திரை. பெரும்பாலோருக்கு அறுவையும் நடந்தது. 2020-இல் முடிவு வெளியானது.

நோய் திரும்பியதால் மறு அறுவை செய்யப்பட்டவர்கள்: வெற்று மாத்திரைப் பிரிவில் 7.1 சதவீதம், மருந்துப் பிரிவில் 1.7 சதவீதம். இங்கேயே நிறுத்தியிருந்தால் பெரிய வெற்றி என்று கொண்டாடியிருப்போம். ஆனால் ஆய்வாளர்கள் முதலில் கேட்க முடிவு செய்திருந்த கேள்வி வேறு: ஆறு மாதம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார்? நல்ல நிலையில் இருந்தவர்கள், வெற்று மாத்திரைப் பிரிவில் 90.3 சதவீதம், மருந்துப் பிரிவில் 83.9 சதவீதம். சர்க்கரை ஏறுதல், தொற்று, மனக் குழப்பம் போன்ற பக்க விளைவுகளும் மருந்துப் பிரிவில் அதிகம்.

அதாவது குருதி திரும்புவதை மருந்து தடுத்தது. மனிதர் நலமாவதைத் தடுத்தும் விட்டது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே சோதனை வெற்றியாகவும் தோல்வியாகவும் தோன்றக்கூடும். அளவுகோலைச் சோதனைக்கு முன்பே தேர்ந்துகொள்ள வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் நாம் மாணவர்களிடம் வற்புறுத்துவது வெறும் சடங்கு அன்று.

ஊற்றுக்கண்ணை அடைத்தல்

வெளிச் சவ்வின் மெல்லிய குழாய்களுக்குக் குருதி எங்கிருந்து வருகிறது? டியூராவை ஊட்டும் நடு உறைத் தமனியிலிருந்து. அதனை அடைத்துவிட்டால்? 2000-ஆம் ஆண்டில் ஜப்பானின் மந்தாய் குழுவினர், திரும்பத் திரும்ப நோய் வந்த ஒருவருக்கு இதனைச் செய்து பலன் கண்டதை வெளியிட்டனர். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைத் தலைவரை செலுத்தி, அடைப்புப் பொருளை விடுகிறார்கள். இன்று பயன்படும் பொருள்களுள் ஒன்று, குருதியைத் தொட்டதும் இறுகும் ஒரு பாலிமர் கரைசல். எக்ஸ் கதிரில் தெரிவதற்காக அதில் டாண்டலம் தூள் கலந்திருக்கும்.

2024-இல் அமெரிக்காவில் 400 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு வெளியானது. அறுவை மட்டும் செய்தவர்களில் 11.3 சதவீதத்தினருக்கு மறு அறுவை வேண்டியிருந்தது. தமனியையும் அடைத்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்கே. சீனாவில் 722 பேரிடம் நடந்த ஆய்வில் 9.9-க்கு எதிராக 6.7 சதவீதம், 2025-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 21-க்கு எதிராக 14.8. பின்னிரண்டிலும் வேறுபாடு தற்செயல் அன்று என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அமெரிக்க ஆய்வில் இருவருக்கு இச்சிகிச்சையாலேயே ஊனம் விளைவிக்கும் பக்கவாதம் நேர்ந்தது. எனவே யாருக்கு அடைப்பது, யாருக்கு வேண்டாம் என்பதே இன்றைய கேள்வி. நோய் திரும்பும் வாய்ப்பு மிகுந்தவருக்கு அது பெரும் துணை. எல்லோருக்கும் பொதுவான விதி அன்று.

வரலாறு கற்பிப்பது

இந்த நெடிய கதையில் உறுதியாக நிலைத்தவை எவை என்று பாருங்கள். சிறிய துளை, இரண்டு நாள் வடிகுழாய், வெதுவெதுப்பான கழுவு நீர். மூன்றும் எளியவை, மூன்றும் அளந்து பார்த்த பின்பே நிலைபெற்றவை. சாய்ந்தவை எவை? பெரிதாகத் திறந்து பையை உரித்தல், சவ்வூடு பரவல் கொள்கை, எல்லோருக்கும் ஸ்டீராய்டு. மூன்றும் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தன.

வாசகர்களுக்கு ஒரு சொல். வீட்டில் உள்ள முதியவர் சில வாரங்களாக நடை தடுமாறினாலோ, மறதி திடீரெனக் கூடினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, அண்மையில் தலையில் ஏதேனும் இடித்ததா என்று கேளுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரானால் கட்டாயம் கேளுங்கள். இடித்தது நினைவில்லை என்றாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்கு அதே குறிகள் மறுபடி தோன்றினால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். மூப்பைத் திருப்ப முடியாது. மூப்பு என்று நாம் தவறாக எண்ணும் இந்நோயைப் பெரும்பாலும் குணப்படுத்திவிட முடியும்.